மலைக்காட்டுப் பாதையில் மிதிவண்டிப் பயணம்

மிதிவண்டி நம் தோட்டத்து மக்களுக்குப் புதிய பொருளன்று. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டிற்குப் புறப்பட்ட நம் முன்னோர், முதலில் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்தனர். பின்னர் வாளியையும் கத்தியையும் மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு சென்றனர். செம்மண் சாலையில் மழைநாளில் சேறு சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். வெயில்நாளில் புழுதி கண்ணை மறைக்கும். அவ்வாறிருந்தும் பால் நிறைந்த வாளியிலிருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். இன்று அதே செம்மண் சாலைகளைத் தேடிப் பட்டணத்தார் விடுமுறை நாளில் மிதிவண்டியுடன் வருகின்றனர். “காசு கொடுத்தா கஷ்டப்படுகிறார்கள்?” என்று நம் பெரியவர்கள் சிரிப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள், இறுதித் தேர்வு முடிந்ததும் அத்தகைய பயணம் ஒன்றிற்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டனர். வழிகாட்டியோடு காலை முதல் மாலை வரை மலையும் பள்ளத்தாக்குமாகிய காட்டுப் பாதையில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் பயணம் அது. பெற்றோர் கூட்டத்தில் இதனைச் சொன்னபோது முதலில் எழுந்தவர் ஓர் அன்னையார். “காட்டுக்குள் போகும் பிள்ளை முழுதாய்த் திரும்பி வருமா, சார்? அதை மட்டும் சொல்லுங்கள்,” என்றார். எங்களிடம் விடை இல்லை. ஆகவே ஆசிரியர் மூவரும் பெற்றோர் நால்வருமாக நாங்கள் எழுவர் முதலில் சென்று பார்த்து வருவதென்று முடிவாயிற்று. நாங்கள் கண்டதையும் கற்றதையும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முதலில் மலை மிதிவண்டி என்பது என்னவென்று அறிவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் வட்டாரத்தில் தமல்பாயிஸ் என்றொரு மலை உண்டு. அதன் உயரம் 784 மீட்டர். 1970ஆம் ஆண்டுகளில் அவ்வட்டார இளைஞர்கள் பழைய, கனத்த, பருமனான டயர் பூட்டிய மிதிவண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, அம்மலைப் பக்கத்து மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கே ஒரு போட்டியையே நடத்தினர். பாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. இறக்கமோ ஏறத்தாழ 400 மீட்டர். அக்காலத்து மிதிவண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்தின் நடுவேயுள்ள கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். அதனைக் கழற்றி மீண்டும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் மீண்டும் அடைத்தலைக் குறிக்கும் ‘ரீபேக்’ என்னும் சொல்லே அப்போட்டிக்குப் பெயராயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் என்பார் இவ்வோட்டத்திற்கென்றே தனிச் சட்டம் அமைத்தார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் இத்தகைய மிதிவண்டிகளை விற்கக் கடை தொடங்கினர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டி விளையாட்டாகவே சேர்ந்துவிட்டது.

மாணவர்களே, இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? மலை மிதிவண்டியின் கதை வேகத்தில் தொடங்கவில்லை. சூடேறிய பிரேக்கில் தொடங்குகிறது. அதன் பொருள் எங்களுக்கு நண்பகலுக்கு முன்பே விளங்கியது.

இனி அதன் பற்சக்கரங்களைப் பற்றிச் சிறிது. தோட்டத்தில் நாம் ஓட்டும் பழைய மிதிவண்டியில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழலும். சமதரையில் இது நன்று, மேட்டில் கால் நோகும், இறங்கித் தள்ளுவோம். மலை மிதிவண்டியில் பின்னால் சிறியதும் பெரியதுமாகப் பல பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். முன்னே 32 பல், பின்னே 48 பல் என்று சங்கிலியை மாற்றினால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் மூன்றில் இரண்டு பங்கே சுழலும். வண்டி ஆமைபோல் நகரும். ஆனால் செங்குத்தான மேட்டிலும் நகரும். உழைப்பு குறைவதில்லை; அது பல சிறு மிதிகளாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கனத்த மூட்டையை ஒரே தூக்காகத் தூக்காமல் நான்கு நடையாகச் சுமப்பதைப் போன்றது இது. டயரும் பருமனானது, அதில் காற்றைச் சற்றுக் குறைத்தே அடிப்பர். அப்பொழுதுதான் டயர் கல்லையும் வேரையும் தழுவிக்கொண்டு உருளும். கல்போல் இறுகிய டயர் வேரின்மேல் துள்ளி வழுக்கும்.

நாங்கள் தேர்ந்த இடம் சிலாங்கூரின் வடகோடியில், கோல குபு பாருவுக்கு அப்பால் உள்ள மலையடிவாரம். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாகிய தித்திவங்சா மலைத்தொடர் அங்கே பகாங்கிற்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக நிற்கிறது. பிரேசர் மலைக்குச் செல்லும் பழைய தார்ச்சாலையும் அவ்வழியேதான் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி தேவை. அதனை எங்கள் வழிகாட்டி முன்னரே பெற்று வைத்திருந்தார்.

வழிகாட்டிகள் இருவர். முன்னே செல்பவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகன், வயது முப்பதிருக்கும். நாங்கள் அவரைத் தம்பி என்றோம். அவர் எங்களைச் சார் என்றும் ஐயா என்றும் அழைத்தார். எல்லாருக்கும் பின்னால் வருபவர் தெமுவான் இனத்து ஒராங் அஸ்லி இளைஞர். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் ‘சிக்கு’ என்று தொடங்குவார். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் ஏன்? முன்செல்பவர் பாதையைப் பார்க்கிறார். பின்வருபவர் ஆட்களைப் பார்க்கிறார். கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் தங்கிவிடக் கூடாது. பாதை பிரியுமிடந்தோறும் முன்னவர் நின்று, பின்னவர் வந்து கையசைத்த பிறகே மேலே செல்வார். இதனால் எங்கள் வேகம் எங்களுள் மிக மெதுவாக ஓட்டியவரின் வேகமாகவே இருந்தது. அவர் எங்கள் தலைமையாசிரியர் என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஆயினும் அவரே சொல்லச் சொன்னார்.

காலை ஏழு மணிக்குப் பசியாறிவிட்டுக் கூடினோம். புறப்பட ஏழே முக்கால் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் ஒவ்வொரு வண்டியாகச் சோதிப்பதிலேயே கழிந்தது. சக்கரத் திருகு இறுகியிருக்கிறதா, சங்கிலியில் எண்ணெய் உள்ளதா, தலைக்கவசத்தின் வார் தாடையைப் பற்றியிருக்கிறதா என்று தம்பி பார்த்தார். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். எங்களுள் மூத்த ஆசிரியர் ஒருவர் தம் பழைய வண்டியையே கொண்டுவந்திருந்தார். அதன் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைக் கண்டு, “மாற்றிவிடலாமா, சார்?” என்று தம்பி கேட்டார். “இது பத்து வருடமாகப் பிடிக்கிறது,” என்றார் ஆசிரியர். தம்பி மேலும் வற்புறுத்தவில்லை. அது தம் பிழையென்று பின்னர் அவரே எங்களிடம் சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம் செம்பனைத் தோட்டத்துச் சாலை. இருபுறமும் ஒழுங்கான நிரைகள்; வெட்டிய மட்டைகளின் மணம்; லாலான் புல்மேல் பனி. அதன்பின் முன்னாளில் மரம் ஏற்றிய லோரிகள் சென்ற பழம்பாதை காட்டுக்குள் நுழைகிறது. நுழைந்தவுடனே குளிர்ச்சி உடம்பில் படுகிறது. இது உயரத்தால் மட்டும் வந்த குளிர்ச்சியன்று. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். நாங்கள் ஏறியதோ அதில் சிறு பகுதியே. மர நிழலும், இலைகள் வெளியிடும் ஈரமுமே அங்கே நம்மைக் குளிர்விக்கின்றன. மெராந்தி மரங்கள் கிளையின்றி நெடுந்தூரம் உயர்ந்து, உச்சியில் குடை விரிக்கின்றன. பாதையோரம் மூங்கிற் புதர்களும், ஆடையைப் பற்றினால் விடாத பிரம்பின் முட்கொடிகளும் உள்ளன. எங்கோ தொலைவில் சியாமாங் குரங்குகள் ஒன்றையொன்று கூவி அழைத்தன. அட்டைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. தோட்டத்து மக்களுக்கு அவற்றை அறிமுகம் செய்வது வீண்வேலை.

பத்தரை மணிக்கு முகட்டை அடைந்தோம். மூச்சு வாங்கியது, ஆனால் ஒருவருக்கும் சிறு காயமும் இல்லை. ‘இவ்வளவுதானா’ என்றுகூட எங்களுள் ஒருவர் சொன்னார். முகட்டின் மறுபுறம் பாதை பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. உயர வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர்.

இங்கே ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். 200 மீட்டர் இறங்கும்போது அவ்வெடை இழக்கும் ஆற்றல், அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அவ்வாற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். வேகமாக மாற விட்டால் ஆள் பாறையில் மோதுவார். மெதுவாக இறங்கினால் அதிற் பெரும்பகுதி வெப்பமாகிப் பிரேக்கில் இறங்கும். ஆகவே பிரேக்கை ஓயாமல் உரசவிட்டுக்கொண்டே வரக்கூடாது. நேரான இடத்தில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்; பின்பு விட்டு ஆறவிட வேண்டும்; மீண்டும் பிடிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால் முன்பிரேக்கே வலியது. ஆனால் செங்குத்தில் அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் வண்டி நிற்கும். ஆள் தலைக்குப்புறப் பறப்பார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உடம்பை இருக்கைக்குப் பின்னால் தள்ளி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி நிற்க வேண்டும். ஈர வேரின்மேல் பிரேக் பிடிக்கலாகாது. வேருக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதைக் குறுக்காகக் கடந்துவிட வேண்டும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். கல்லையே பார்த்துக்கொண்டு வந்தால் கல்லில்தான் மோதும்.

இவை யாவற்றையும் தம்பி முகட்டிலேயே செய்து காட்டினார். ஆயினும் மூத்த ஆசிரியர் அச்சத்தால் முதல் வளைவிலிருந்தே பிரேக்கை விடவில்லை. பாதி வழியில் கிறீச்சென்ற ஓசை கேட்டது. கருகிய ரப்பர் வாடை வந்தது. பின்னர் ஓசை நின்றுவிட்டது. ஓசை நின்றதுதான் ஆபத்து. கட்டை முழுதும் தேய்ந்து, வண்டி தன் போக்கில் ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த தெமுவான் இளைஞர், “சிக்கு, கிரி! கிரி!” என்று கத்தினார். ஆசிரியர் இடப்புறம் திருப்பினார். அங்கே பெர்த்தாம் புதர் இருந்தது. வலப்புறம் பள்ளம். முள் தைத்த கையோடு எழுந்தவர், முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பின்பு எங்களைப் பார்த்து, “பத்து வருடம் பிடித்தது உண்மைதான்,” என்றார். நாங்கள் சிரித்தோம். பின்னர் அவ்வலப்புறப் பள்ளத்தை எட்டிப் பார்த்தோம்; சிரிப்பு நின்றது. அவ்வண்டியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் இருந்திருந்தால் என்ற எண்ணமே எங்கள் எல்லாருக்கும் வந்தது. தம்பி பையிலிருந்து புதிய கட்டையை எடுத்து அங்கேயே மாட்டினார்.

பள்ளத்தாக்கின் அடியில் ஓர் ஓடை. நீர் கணுக்காலளவே, கூழாங்கற்கள் எண்ணும்படி தெளிவாயிருந்தது. அதனைக் கடந்து, மறுகரைப் பாதையில் ஒரு மணி நேரம் சென்றால் அருவி. வண்டிகளைத் தோளில் தூக்கிக் கடந்தோம். அருவிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது. ஆனால் முகடுகளின் பக்கம் வானம் கறுத்து, ஒரு முழக்கம் கேட்டது. பின்னால் வந்த இளைஞர் ஏதோ சொல்ல, தம்பி வண்டியைத் திருப்பினார். “திரும்பிவிடலாம், சார்,” என்றார். எங்களுள் சிலர் முணுமுணுத்தோம் என்பதை மறைக்கமாட்டோம். இவ்வளவு தூரம் வந்து அருவியைப் பாராமல் போவதா? இங்கே மழையே இல்லையே? அவர் வாதாடவில்லை, “ஓடையைத் தாண்டி நின்று பேசுவோம்,” என்று மட்டும் சொன்னார்.

ஓடையைக் கடந்து, கரையிலிருந்து நன்றாக மேலே ஏறிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதலில் நீரின் நிறம் மாறியது, தேநீரைப் போலாயிற்று. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பின்பு மேலிருந்து, லோரி வருவது போன்ற இரைச்சல். நாங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற கற்கள் கண்ணெதிரே மறைந்தன. கணுக்காலளவு ஓடை, ஆள் மார்பளவுக்குக் கட்டைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. எங்கள் தலையில் ஒரு துளி மழையும் விழவில்லை.

மலாய்க்காரர் இதனைக் ‘கெபாலா ஆயர்’, அதாவது நீரின் தலை என்பர். மலைமேல் பெய்யும் பெருமழை பல சிற்றோடைகள் வழியாக ஒரே பள்ளத்தில் வந்து சேர்கிறது. இடையில் விழுந்த மரமும் சருகும் நீரைத் தேக்கி நிறுத்தினால், தேக்கம் உடையும்போது மொத்தமும் ஒரே அலையாய் இறங்கும். பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மழையாவதால், நம் நாட்டு மலைகளில் பெருமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வருகிறது. வைகறையில் புறப்படச் சொன்னதும், ஒரு மணிக்குள் ஓடையைத் திரும்பக் கடந்தாக வேண்டுமென்று தம்பி குறித்து வைத்திருந்ததும் இதனாலேயே. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலை சுள்ளிகள் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும், நீர் காரணமின்றி ஏறினாலும் குறைந்தாலும் உடனே கரையேறி மேட்டுக்கு ஓட வேண்டும். துணிமணிகளை எடுக்கத் திரும்பலாகாது. நம் தோட்டத்து ஓடையில் குளிக்கும் பிள்ளைகளும் இதனை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

அந்த வட்டாரமே இப்பாடத்தைப் பெரிய அளவில் கண்ட இடம். கோல குபு பாருவிற்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்றோர் ஊர் உண்டு. உடைந்த அணை என்பது அப்பெயரின் பொருள். பழைய கோல குபு பட்டணம் அங்கேதான் இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையின்போது, அதற்கு மேலிருந்த பழைய மண்ணணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரியாயிருந்த சிசில் ரேங்கிங் துரையும் அதில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையைத் துரை சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. அதன் பின்னரும் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, வெள்ளம் ஓயவில்லை. இறுதியில், 1930ஆம் ஆண்டையொட்டி, பட்டணமே மேட்டு நிலத்திற்கு மாற்றப்பட்டது. அதனால்தான் பெயரில் ‘பாரு’, புதியது, என்னும் சொல் சேர்ந்தது.

மீண்டும் முகட்டை ஏறி, செம்பனைத் தோட்டத்தை அடைந்தபோது மழை எங்களையும் பிடித்தது. நனைந்து நடுங்கி, மாலை ஐந்தரைக்கு வந்து சேர்ந்தோம். அருவியை இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இவை அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னோம். மாணவர்களை முகட்டிற்கு அப்பால் அழைத்துச் செல்வதில்லை. தோட்டத்துச் சாலையிலும் காட்டின் தொடக்கப் பகுதியிலும் மட்டும், அதே வழிகாட்டிகளோடு, நண்பகலுக்குள் திரும்பும்படி சென்று வருவது என்று முடிவாயிற்று. மாணவர்களுக்கு ஏமாற்றமே. அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவரவர் மிதிவண்டியைப் பள்ளித் திடலுக்குக் கொண்டுவரச் சொன்னோம். இருபத்து மூன்று வண்டிகள் வந்தன. அவற்றுள் ஒன்பதில் பின்பிரேக் பிடிக்கவில்லை. இரண்டில் எந்தப் பிரேக்குமே இல்லை, காலைத் தரையில் உரசித்தான் நிறுத்துகிறார்களாம். இவை மலைக்குப் போகும் வண்டிகள் அல்ல. நாள்தோறும் லோரிகள் ஓடும் பெருஞ்சாலை வழியாகப் பள்ளிக்கு வரும் வண்டிகள்.

அன்று முதற்கேள்வி கேட்ட அன்னையார் தம் மகனின் வண்டியைத் தாமே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதன் பின்பிரேக்கில் கட்டை இருந்த இடத்தில் இரும்பு மட்டுமே இருந்தது. மூத்த ஆசிரியர், கையில் முள் தைத்த வடு இன்னும் ஆறாத நிலையில், தரையில் அமர்ந்து புதிய கட்டையை மாட்டிக் கொடுத்தார். அன்னையார் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் மூன்று முறை தள்ளிப் பார்த்த பின்னரே மகனிடம் கொடுத்தார்.